வலிக்கு எத்தனை மார்க்?

வலி என்றால் கத்துவதும் அழுவதும்தானா? "எனக்கென்ன, வயசாச்சு" என்று வாய்மூடி உட்கார்ந்திருக்கும் வலியும் உண்டு, சகோதரிகளே. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி.

என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். கிருத்திகை தவறாமல் சுவாமிமலைக் கோயிலின் 60 படிகளையும் ஏறினவர், வாசற்படி இறங்கவே சுவரைப் பிடித்தார். கும்பகோணத்துக்கு பஸ் ஏறப் பயந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரையை ராத்திரிதோறும் விழுங்கினார்.

2021 ஆகஸ்டு 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்தான் இதைக் கவனித்தாள். அடுத்த வாரமே பிசியோதெரபிஸ்ட் வந்துவிட்டாள்.

"பாட்டி, உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?"

"எட்டு போடும்மா. மீதி ரெண்டு உசிருக்கு!"

சிரித்துவிட்டு, முதலில் மாத்திரை அட்டையைத்தான் கேட்டாள். டாக்டரைக் கேட்காமல் தினமும் வலி மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்றாள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினோம். வேறு மாத்திரை, அதுவும் தேவைப்பட்டால் மட்டும் என்றார்.

பிறகு பயிற்சி. காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, கீழ்நோக்கி அழுத்தி 5 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். காலுக்குப் 10 தடவை. தொடைத் தசைக்கு பலம் வந்தால் மூட்டின் பாரம் குறையுமாம். "வலிக்குதுன்னு அசையாம இருந்தா வலி கூடும் பாட்டி" என்றாள். மணைக்குப் பதில் நாற்காலி, கழிவறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பெரிய செலவில்லை.

புற்றுநோய் வலியால் படுத்திருப்பவர்களையும் இத்திட்டத்தில் நர்சுகள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். வீட்டு வைத்தியத்துக்கும் எல்லை உண்டு. திடீர் நெஞ்சுவலி, கால் மரத்துப் பலமிழத்தல், சிறுநீர் தன்னறியாமல் போதல், விழுந்து எழ முடியாமை – இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாமியாரின் மார்க் இப்போது நாலு. வலி அடியோடு போகவில்லை. ஆனால் ராத்திரி தூங்குகிறார், காலையில் தானே எழுந்து வாசல் தெளிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஓரமாக உட்கார்ந்திருப்பவரிடம் இன்றே கேட்டுப் பாருங்களேன்: "உங்க வலிக்கு எத்தனை மார்க்?"