கேள்வியோடும் ஜெபிக்கலாம்

நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சந்தேகமே வராது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப்பள்ளியில் பாடம் சொல்லித் தரும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

என் தம்பி நோயில் படுத்தபோது குடும்பமே ஆறு மாதம் ஜெபித்தது. அவன் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த பின் ஜெபிக்க உட்கார்ந்தால் “ஏன்?” என்ற ஒரே சொல்தான் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பால் வெட்டப் போகிறவர், மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவர் சொன்னார்: “டீச்சர், சாமிகிட்ட கோவிச்சுக்கிட்டா அவரு ஓடியா போயிடுவாரு? கேளுங்க.”

வேதத்தைத் திறந்தேன். எத்தனையோ சங்கீதங்கள் முறையீடாகவே இருந்தன. காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவை இயேசு துரத்தவில்லை. எட்டு நாள் கழித்து வந்து தம் காயங்களைக் காட்டினார்.

அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்கப் போதகரின் வரலாறும் நினைவுக்கு வந்தது. 1813-ல் பர்மாவில் ரங்கூன் நகருக்கு வந்தவர் அவர். ஆறாண்டு உழைத்த பிறகே, 1819-ல், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். 1824-ல் போர் மூண்டதும் ஒற்றன் என்று சந்தேகித்து அவரைச் சிறையில் அடைத்தார்கள், காலில் விலங்கு. 1826-ல் மனைவி இறந்தார். மறு ஆண்டே இரண்டு வயது மகளும் போனாள். மனம் உடைந்த அவர் காட்டில் குடிசை போட்டுத் தனித்திருந்தார். தமக்கென்று ஒரு குழியை வெட்டி, அதன் அருகே உட்கார்ந்து சாவையே நினைத்தார்.

ஆனால் தொடங்கிய வேலையை அவர் கைவிடவில்லை. 1834-ல் பர்மிய மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். இன்றும் அந்த மக்கள் அதை வாசிக்கிறார்கள்.

எனக்கும் ஒரே நாளில் விடியவில்லை. ஜெபம் வராத நாள்களிலும் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய நம்பிக்கை என்னைத் தாங்கிற்று. என் கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம் மெல்லத் திரும்பி வந்தது.

வேலை போனதாலோ, தோட்டம் விற்கப்பட்டு வீடு மாற வேண்டியதாலோ, பிள்ளையின் பரீட்சை முடிவாலோ மனம் சோர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே! சந்தேகத்தை மறைக்காதீர்கள், அதைக் கடவுளிடமே சொல்லுங்கள். அன்றாடக் கடமையையும் அயலாரின் உறவையும் விட்டுவிடாதீர்கள். மழை நாளில் பால் வெட்டு இல்லை. அதற்காக மரத்தில் பால் வற்றிப் போயிற்று என்று நம்மில் யாரும் சொல்வதில்லையே!