காயில் போன கீசர்

எங்கள் தொழிலில் தீராத சண்டை ஒன்று உண்டு. பழைய கோடைத் தட்டித் தட்டி ஓட்டுவதா, இல்லை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா? 2000ஆம் ஆண்டில் ஜோயல் ஸ்போல்ஸ்கி இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நெட்ஸ்கேப் தன் பிரவுசரை முதலிலிருந்து எழுத உட்கார்ந்ததுதான் அது செய்ததிலேயே பெரிய தப்பு என்பது அவர் கட்சி. நாலாம் பதிப்புக்குப் பிறகு ஐந்து வரவே இல்லை, நேராக ஆறுதான் வந்தது. ஆபீஸில் யாராவது ‘ரீரைட் பண்ணிடலாம்’ என்று ஆரம்பித்தால் அந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். இப்படிப்பட்டவனுக்குத்தான் போன மார்கழியில் அம்மாவின் கீசர் வந்து வாய்த்தது.

பெருந்துறைப் பக்கம் எங்கள் வீடு. பதினைந்து லிட்டர் கீசர், வயது 11. அப்பா வாங்கி மாட்டியது. அவர் போய் மூன்று வருடமாகிறது. அம்மா போனில் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில் சொன்னார்: “பைப்பத் தொட்டா சுருக்குங்குது கண்ணு. ஒண்ணுமில்ல, ரப்பர் செருப்பு போட்டுக்கறேன்.”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கச் சொன்னேன். கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தால், ‘அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார், பழசைக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கோங்க’ என்றார்கள். ஆளை அனுப்பிப் பார்க்கக்கூடத் தயாரில்லை. புதுசு எட்டாயிரத்து ஐந்நூறு. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஸ்போல்ஸ்கி எல்லாம் ஆபீஸுக்கு. அம்மா குளிக்கிற இடத்தில் தத்துவம் எதற்கு?

அம்மாதான் விடவில்லை. “கழட்டிப் பாக்காமயே எப்படிச் சாமி தூக்கிப் போடறது?” என்றார்.

சனிக்கிழமை ஊருக்குப் போய், உள்ளூர் மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் கீசரைக் கழற்றி வாசலில் கவிழ்த்தார். உள்ளிருந்து ஒரு கிலோவுக்குக் குறையாமல் வெள்ளைச் சில்லு கொட்டியது. எங்கள் ஊர் போர் தண்ணி அப்படி. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடேறினால் படிந்துவிடும். படிவது காயிலின் மேலேயே. அதற்கப்புறம் காயிலின் சூடு தண்ணீருக்குள் இறங்க வழியில்லாமல் உள்ளேயே ஏறும். ஒரு நாள் குழாய் விரிசல் விடும். குழாய்க்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரம் குடிக்கும். ஈரமானதும் கரண்ட் வெளியே கசியத் தொடங்கும். அம்மா விரலில் சுருக்கென்றது அதுதான்.

“காயில் போயிருச்சுங்க தம்பி. ராடும் கரைஞ்சு போச்சு. ஆனா டேங்க் நல்லாருக்குதுங்க, பாருங்க,” என்று டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார். ராடு என்பது மெக்னீசியக் கம்பி. டேங்க்கைப் பிடிக்கவேண்டிய துருவுக்கு இது முந்திக்கொண்டு தன்னைக் கொடுத்துக் கரையும். எனக்கு அந்தக் கம்பியின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. கீசரில் காயில், தெர்மோஸ்டாட், ராடு எல்லாம் மாற்றக்கூடியவை. டேங்க் ஓட்டையானால் மட்டும்தான் கதை முடிந்தது. ஆக, ரிப்பேரா புதுசா என்ற கேள்விக்குப் பதில் டேங்க்கில் இருக்கிறது, வயதில் இல்லை. எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு கேட்டார்.

ஸ்டார் ரேட்டிங்கையும் யோசித்தேன். சும்மா நிற்கும்போது டேங்க் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த ஸ்டார். அம்மா குளிக்கும் முன் போட்டு, குளிக்கும்போது அணைத்துவிடுகிற ஆள். பதினைந்து லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற முக்கால் யூனிட்கூட ஆகாது. இரண்டாயிரம் வாட் காயில் இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடும். அவருக்கு எத்தனை ஸ்டார் இருந்தும் பெரிய லாபமில்லை.

இதெல்லாம் சரி. ஆனால் காயில் கசிந்தால் அந்தக் கரண்ட் எர்த் வழியாகப் போயிருக்க வேண்டும். ஏன் அம்மாவைத் தேடி வந்தது?

மெக்கானிக் அண்ணன் டெஸ்ட் லாம்ப் எடுத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் பல்பு பளிச். பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் மின்மினி மாதிரி ஒரு சிவப்பு. “எர்த் செத்துக் கெடக்குதுங்க” என்றார்.

எம்சிபி இருக்கிறதே என்று நினைக்கலாம். அது ஒயரைக் காப்பாற்றத்தான், ஆளை அல்ல. எங்கள் வீட்டில் இருப்பது 16 ஆம்பியர். அதைத் தாண்டினால்தான் விழும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போன கரண்டும் திரும்பிய கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் அறுத்துவிடும். எங்கள் வீடு அது இல்லாத காலத்து வீடு.

நினைத்தால் இப்போதும் நடுங்குவது ஒன்றுதான். புதுக் கீசர் வாங்கியிருந்தால் சுருக்கு உடனே நின்றிருக்கும். எல்லாரும் நிம்மதியாகியிருப்போம். அதே உப்புத் தண்ணியில் அந்தப் புதுக் காயிலும் ஒரு நாள் வெடித்திருக்கும், அதே செத்த எர்த்தோடு.

எர்த் குழி எங்கே என்று எனக்கும் மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை. வாசல் முழுக்க பேவர் பிளாக் போட்டிருந்தது. அம்மா முருங்கைக்குப் பக்கத்தில் போய் நின்று, காலால் ஒரு கல்லைத் தட்டினார். “இங்கதான். சித்திரை வந்தா உங்கப்பா ரெண்டு கொடம் தண்ணி ஊத்துவாரு. செடியுமில்ல கொடியுமில்ல, மண்ணுக்கு எதுக்குங்க தண்ணீன்னு கேப்பேன். சிரிப்பாரு.”

கல்லைப் பெயர்த்தோம். குழி கலயம் மாதிரி காய்ந்து கிடந்தது. புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்ற வாய் விட்டு மூடினோம். கீசருக்குக் காயிலும் ராடும் மாற்றி, தெர்மோஸ்டாட்டை 60இல் வைத்தோம். சூடு குறைந்தால் சுண்ணாம்பு படிவதும் குறையும். ஆர்சிசிபியும் மாட்டியாயிற்று. மொத்தத்தில் புதுக் கீசரின் விலையே ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தோசைக்கு மாவாட்டப் போனார். கிரைண்டரைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போனது. ஏற்றிவிட்டேன். மறுபடி கிரைண்டர், மறுபடி போனது. அம்மா ஈரக்கையோடு ஹாலுக்கு வந்து என்னையும் ஆர்சிசிபியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதையும் தூக்கிப் போடச் சொல்லுவியா?”

“இல்லீங்கம்மா, கழட்டிப் பாக்கலாம்” என்று ஸ்க்ரூ டிரைவர் தேடினேன்.