பின்கோடு 601201

மார்ச் 4, செவ்வாய்

மாலை ஷிஃப்டில் கம்பி லோடு வரிசையாகப் போயிற்று. ஒவ்வொரு இன்வாய்ஸின் தலையிலும் சிப்காட், கும்மிடிப்பூண்டி 601201. வருஷக்கணக்காகப் பார்க்கும் எண்ணை இன்றுதான் வகுத்துப் பார்க்கத் தோன்றியது. இலக்கங்களைக் கூட்டினால் 10. எனவே 3 போகாது. ஒன்றில் முடிவதால் 2, 5 இல்லை. ஏழுக்கு மீதி 6, பதினொன்றுக்கு 7, பதின்மூன்றுக்கு 3. பகா எண்ணாக இருக்குமோ?

776-இன் வர்க்கம் 602176, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 775 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். அவை 137.

மார்ச் 5, புதன்

லோக்கல் ரயிலில் பொன்னேரி தாண்டும்போது கிடைத்தது! 775-இன் வர்க்கம் 600625. அதை 601201-இல் கழித்தால் 576. அது 24-இன் வர்க்கம். ஆக, 601201 = 775² + 24². துண்டுச்சீட்டில் மறுபடி பெருக்கிப் பார்த்தேன், சரிதான்.

இதனால் பாதி வேலை மிச்சம். 775-க்கும் 24-க்கும் பொதுக் காரணி கிடையாது. அப்படிப்பட்ட இரு வர்க்கங்களின் கூட்டலை, நான்கால் வகுத்தால் 3 மீதி தரும் எந்தப் பகா எண்ணும் வகுக்காது. 7, 11, 19, 23 என்று அந்த வகை முழுக்க விலகுகிறது. 2 ஏற்கெனவே விலகிவிட்டது. மீதி 66 எண்கள்தான்.

மார்ச் 7, வெள்ளி

ராமானுஜன் நினைவாகவே இருந்தேன். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபடி 1913 ஜனவரியில் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இந்தச் சங்கதி உண்டு: ஓர் எல்லைக்குள் வர்க்கமாகவோ, இரு வர்க்கங்களின் கூட்டலாகவோ வரும் எண்கள் எத்தனை? அதற்கான விடையில் வரும் மாறிலி ஏறத்தாழ 0.764. ஜெர்மனியின் லாண்டாவும் தனியாகக் கண்டதால், இருவர் பெயராலும் அது வழங்குகிறது. அந்தக் கணக்குப்படி, ஆறு லட்சம் வரைக்கும் சுமார் ஐந்தில் ஒரு எண்தான் இப்படிப் பிரியும். நம் பின்கோடு அந்த ஐந்தில் ஒன்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து வகுத்தல். 29 நெருங்கி வந்து 2 மீதி வைத்தது, 193-க்கு 6, 761-க்கு 11. விலக்கிய வகையில் 167-ஐ ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன்: சரியாக 3600 தடவை போய், 1 மிச்சம். 773-உம் முடிந்தது. எதுவும் வகுக்கவில்லை. 601201 பகா எண்.

பகா எண் என்றானதும் இன்னொன்றும் உறுதியாகிறது. நான்கால் வகுத்தால் 1 மீதி தரும் பகா எண்ணை இரு வர்க்கங்களாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்க முடியும். ஃபெர்மா 1640-இல் கடிதத்தில் எழுதியதை, நூறு வருஷம் கழித்து ஆய்லர் நிரூபித்தார். எனவே 775-ஐயும் 24-ஐயும் விட்டால் வேறு ஜோடியே கிடையாது. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு முறை வந்தபோது, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்துக்கு 6 கொடுத்தார்கள். மற்ற இலக்கங்கள் தபால் பிரிக்கும் வசதிக்காக. பகா எண்ணைத் தேடி யாரும் வைக்கவில்லை.

மகளுக்குச் செங்கோண முக்கோணம் போட்டுக் காட்டினேன்: பக்கங்கள் 600049, 37200, கர்ணம் 601201. “மீஞ்சூர் என்னப்பா?” என்றாள். 601203, மூன்றால் போகும். பொன்னேரி 601204, இரட்டைப்படை. பழவேற்காடு 601205, ஐந்தில் முடிகிறது.

மார்ச் 10, திங்கள்

திருவள்ளூர் 602001. இலக்கக் கூட்டல் 9, ஆகவே பகு எண்: 9 × 66889. ஆனாலும் இதுவும் பிரிகிறது: 705² + 324². ஊத்துக்கோட்டையை நாளை பார்க்க வேண்டும்.