அந்தத் திங்கட்கிழமை ஏறிய இரத்தம்

அக்காவுக்குப் பத்து வயதில் வாதக்காய்ச்சல் வந்தது. டயகம தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயக் காம்பராவுக்குள் எட்டுப் பேர் படுத்தோம். மழைக்காலத்தில் ஒருவருக்குத் தொண்டை நோவு கண்டால் எல்லோருக்கும் வரும். அதிலிருந்துதான் அந்தக் காய்ச்சல். முட்டி வீங்கியது, பிறகு வடிந்தது. இருதய வால்வு சுருங்கிப்போனது மட்டும் வெளியே தெரியவில்லை. பத்தொன்பது வயதில், கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிறவள் பாதி வழியில் நின்று வாயால் மூச்சு வாங்குவாள். உதடு நீலம் பாரித்திருக்கும். கங்காணி ஏச மாட்டார். அவரும் அங்கேயே நிற்பார்.

கொழும்பில் ஓபரேஷனுக்குத் திகதி கொடுத்தார்கள்: 1983 ஜூலை 25, திங்கட்கிழமை. இரத்தம் கொடுக்க ஆட்களையும் கூட்டிவரச் சொன்னார்கள். தோட்டத்து ஆண்கள் சிலர் அன்றைய பேரை, நாள் சம்பளத்தை, விட்டுவிட்டுத் தலவாக்கலையில் ரயில் ஏறி வந்தார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, ஆஸ்பத்திரி வாசலில் வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். சட்டையில் கொழுந்து வாசம். அவர்களில் ஒருவர் முன்பு எங்கள் அப்பாவோடு சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டவர். அன்றும் அப்பாவோடு பேசவில்லை. இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

திங்கள் காலையில் அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சைத் திறந்து செய்கிற ஓபரேஷனில் இருதயத்தின் வேலையை ஒரு இயந்திரம் பார்க்கும். அதற்கு அந்தக் காலத்தில் நிறைய இரத்தம் வேண்டும். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு ஆளுடையது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அம்மாவின் கை மட்டும்தான். என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று இராணுவத்தினர் செத்ததும், அதற்குப் பழியாக முந்திய இரவே பொரளையில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கியதும் எங்களுக்குத் தெரியாது. காலையிலேயே ஜன்னலில் புகை. பிறகு ஓடுகிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம், படியெல்லாம் காயக்காரர்கள், ஊரடங்கு என்று யாரோ கத்தினார்கள், அம்மா சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தாள், மூக்குத்தியைக் கழற்றி வாய்க்குள் போட்டுக்கொண்டாள், பேசாதே என்று என் வாயைப் பொத்தினாள்.

அக்கா உயிரோடு வெளியே வந்தாள். மாலையில் நெஞ்சுக் குழாய் வழியாக இரத்தம் நிற்காமல் இறங்கியது. இருப்பு போதவில்லை. எங்கள் ஆட்களோ மலைக்குப் போய்விட்டார்கள். மிஸி வெளியே வந்து, ஊரடங்கில் மாட்டிக்கொண்டு நடையில் குந்தியிருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மூன்று பேர் எழுந்தார்கள். ஒருவர் வெள்ளைச் சாரம் கட்டிய வயதான மனிதர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். யாருக்காக என்று அவர் கேட்டாரா, மிஸி சொன்னாரா, எனக்குத் தெரியாது. அம்மாவின் வாயில் இன்னும் மூக்குத்தி இருந்தது. கைகூப்பக்கூட அவளுக்குப் பயம்.

ஆகஸ்டில் ஊர் திரும்பினோம். நுவரெலியா நகரம் எரிந்திருந்தது. தோட்டத்தில் ஆண்கள் இரவில் தேயிலைக்குள் காவல் இருந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் அக்காவின் கண் மஞ்சளாகியது. பயத்தில் பித்தம் கலங்கிவிட்டது என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். பாட்டி கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பி வகை ஈரல் அழற்சிக்குச் சோதித்து, அது இல்லை என்றார்கள். பிறகு மஞ்சள் இறங்கியது. அக்கா மூச்சு முட்டாமல் மலை ஏறினாள், கல்யாணம் கட்டினாள், பிள்ளை பெற்றாள்.

அவளுக்கு வந்ததற்கு அப்போது உலகத்தில் எங்குமே பெயர் இல்லை. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்றுதான் வைத்தியர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் என்ற வைத்தியர் அக்காவைப் போன்றவர்களைத்தான், இருதய ஓபரேஷனில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களைத்தான், வருடக்கணக்காகப் பின்தொடர்ந்திருக்கிறார். 1970க்கு முன்பு அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரல் அழற்சி. காசுக்கு விற்ற இரத்தத்தை நிறுத்தி, பி வகைக்குச் சோதனை வைத்ததும் அது பத்தில் ஒருவராகக் குறைந்தது. மிச்சமிருந்ததற்குக் காரணமான சி வைரஸ் 1989இல்தான் பிடிபட்டது. இரத்த வங்கிகளில் அதற்கான சோதனை 1990ஐ ஒட்டித்தான் வரத் தொடங்கியது. 2020இல் ஆல்ட்டர் உட்பட மூவருக்கு நோபல் பரிசு என்று பத்திரிகையில் பார்த்தபோது, அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் மடிக்கவில்லை.

2008இல் அக்காவின் வயிறு தண்ணீர் கோர்த்து வீங்கியது. ஈரல் சுருங்கிவிட்டது, சி வகை என்றார்கள். நெஞ்சுத் தழும்பைப் பார்த்த வைத்தியர், எந்த வருஷம் இரத்தம் ஏற்றினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், “அன்னைக்கு சிங்களவன் குடுத்த ரத்தம்தான் வெஷமாப் போச்சு” என்றார். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “யாரு ரத்தம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நம்ம ஆளுங்க குடுத்ததுலயும் இருந்திருக்கலாம். அவுங்களுக்கே தெரியாம இருந்துச்சு. அந்த மூணு பேரு எந்திரிக்கலேன்னா அன்னைக்கே என்னைய எரிச்சிருப்பீங்க. எம்மவ பொறந்திருக்க மாட்டா.” மூச்சு வாங்கியது. “இந்த வீட்ல இனி அந்தப் பேச்சு வேணாம்.”

2011இல் போனாள். வைரஸை அடியோடு அழிக்கிற மாத்திரைக்கு 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது பெரும்பாலும் பன்னிரண்டு கிழமை விழுங்கினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம். இரண்டு வருஷம். அதைத் தாண்டி என் மனசு இன்னும் போகவில்லை.

அக்கரப்பத்தனையிலும் டயகமவிலும் நெஞ்சில் நீளத் தழும்போடு இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தேடிப்போய், ஒருதரம் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவருகிறேன். மேல்பிரிவில் ஒரு பெரியவர், எண்பதுகளில் வால்வு ஓபரேஷன் செய்தவர், இஸ்தோப்பில் குந்தியிருந்தார். “இப்ப எதுக்குத் தம்பி, நல்லாத்தானே இருக்கேன்” என்றார்.

அக்காவும் இருபத்தைந்து வருஷம் நல்லாத்தான் இருந்தாள் என்றேன். கொஞ்சநேரம் யோசித்தார். அடுத்த கிளினிக் எந்த நாள் என்று கேட்டார்.