முக்ல் என்னும் பிசின்

பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாட் காலை, திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நாட்டு மருந்துக் கடைக்காரர் பழுப்பு நிறப் பிசின் கட்டியொன்றை நம் கையில் வைத்தார். "குக்குலு, பாய். ரத்தக் கொழுப்பைக் கரைச்சுடும்" என்றார். அரபியில் இதனையே 'முக்ல்' என்பர். இப்னு சீனாவின் 'கானூன்' இதனைப் பேசுகிறது. சொல்லை அறிந்தவருக்குப் பொருளும் விளங்கிவிடும் என்ற இறுமாப்பு நம்மைப் பிடித்துக்கொண்டது.

இருதய இரத்தக் குழாயில் அடைப்புக் கண்ட நம் மைத்துனர், ஸ்டாடின் மாத்திரையால் கால் வலிக்கிறதென்று குறைபட்டிருந்தார். அவருக்கு அதை வாங்கிக் கொடுத்தோம். மாத்திரையை அவர் நிறுத்தியது தெரிந்தும் வாளாவிருந்தோம். மூன்று மாதங்களில் கெட்ட கொழுப்பு முன்னிலும் ஏறியது. "மச்சான், நீங்க ஓதினவங்க, அதனால நம்பினேன்" என்றார். அந்தச் சொல் இன்னும் தைக்கிறது.

பிறகே தேடிப் படித்தோம். சுஸ்ருத சம்ஹிதையைத் துணைக்கொண்டு, 1966-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி என்னும் ஆய்வாளர் முயல்களுக்குக் குக்குலு கொடுத்துக் கொழுப்புக் குறையக் கண்டார். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆய்வு நிலையம் அதிலிருந்து மருந்தே ஆக்கியது. தைராய்டுச் சுரப்பியை அது தூண்டுவதாக எலிகளில் கண்டு 1984-இல் எழுதினர். தைராய்டு குன்றினால் கொழுப்பு ஏறும் என்பது மருத்துவர் அறிந்ததே. ஆகையால் விளக்கம் பொருத்தமாகத் தோன்றியது. ஆனால் 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது, மருந்துண்டவர்க்குக் கெட்ட கொழுப்பு ஏறிற்று. வெறும் மாத்திரை உண்டவர்க்கோ இறங்கிற்று!

தைராய்டு வழி முன்னரே இடறிய வழிதான். மாரடைப்பு வந்தவர்களுக்கு டெக்ஸ்ட்ரோதைராக்சின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் மரணம் மிகுந்ததால், 1970களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டனர். இதயத்தில் ஆல்ஃபா, ஈரலில் பீட்டா என அந்தச் சுரப்பு நீருக்குரிய ஏற்பிகளில் இரு வகை மேலோங்கி நிற்கின்றன; பழைய மருந்து இரண்டையும் தட்டியது. பீட்டாவையே பெரிதும் நாடும் ரெஸ்மெடிரோம் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் கொழுப்பேறித் தழும்புபட்ட ஈரலுக்குத்தான். கெட்ட கொழுப்பை அது குறைத்தாலும் இதய மருந்தென அனுமதியில்லை.

மைத்துனருக்கு மருத்துவர் வேறொரு ஸ்டாடினைக் குறைந்த அளவில் தந்தார், கால்வலி இல்லை. மீந்த முக்லை வியாழன் மாலைகளில் சாம்பிராணியோடு புகைக்கிறோம். மணம் நன்றாகவே இருக்கிறது.