கோபேயில் ஒரு ஜும்ஆ

பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்று மாணவர்களுக்குப் பலமுறை கற்பித்திருக்கிறேன். ஆயினும் ஒஸாகாவில் பணிபுரியும் தம்பியைக் காணச் சென்றிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலை உள்ளம் அச்சலுகையை நாடவில்லை. தம்பி வேலைக்குச் சென்றபின், அவருக்கொரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுத் தனியே ரயிலேறினேன்.

கோபே நகரின் ஸன்னொமியா நிலையம், விரைவு ரயிலில் அரை மணி நேரத்துக்கும் குறைவான தொலைவே. வலப்புறம் ரொக்கோ மலைத்தொடர் உடன் வந்தது. பெட்டியில் எவரும் கைப்பேசியில் பேசவில்லை. அவ்வமைதி திக்ருக்கு உகந்ததாயிருந்தது.

நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் குவிமாடமும் மினாராக்களுமாக நிற்கிறது, 1935இல் திறக்கப்பட்ட ஜப்பானின் முதல் பள்ளிவாசல். அங்கு வாழ்ந்த இந்திய வணிகர்களும் தாத்தாரியரும் பொருளீந்து எழுப்பியது. 1945இன் குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தது. 1995இன் நிலநடுக்கம் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இரண்டையும் தாங்கி இறையில்லம் நிலைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஸஃப்பில் என் இருபுறமும் நின்றோரின் மொழியை நான் அறியேன். ஸலாம் ஒன்றே எங்களுக்குப் பொதுவாயிருந்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வணிகர்கள் ஈந்த பொருள், தாம் கண்டிராத ஒருவனுக்கு ஸஜ்தா செய்ய இடமளித்தது. ஸதகத்துல் ஜாரியாவுக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

நம் மஹல்லாவின் மதரஸாக் கட்டடத்துக்கு நூறு ரூபாய் தருவோரே! அங்கே ஓதவிருக்கும் பேரப்பிள்ளையோடு, என்றோ வரவிருக்கும் அந்நியனையும் எண்ணித் தாருங்கள். அவனுடைய துஆவில் உங்களுக்கும் பங்குண்டு, இன்ஷா அல்லாஹ்.