பத்துப் பாட்டா, பன்னிரண்டா?

பெரம்பலூர்ல பஸ் ஏறி ஹெட்போன் மாட்டினா, அரியலூர் வர்றதுக்கும் மெட்டாலிகாவோட முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' முடியறதுக்கும் ஏறக்குறைய சரியா இருக்கும். மொத்தம் 51 நிமிஷம், பத்துப் பாட்டு. உங்க போன்ல பன்னிரண்டு இருக்கா? அப்போ நீங்க கேக்குறது 1988-ல வந்த மறுவெளியீடு.

1983-ல இந்தப் பசங்களை எந்தப் பெரிய கம்பெனியும் சீண்டல. நியூ ஜெர்சி சந்தை ஒண்ணுல ரெக்கார்டு கடை வச்சிருந்த ஜான் சசூலா, மார்ஷா தம்பதிதான் டெமோ கேசட்டைக் கேட்டுட்டு, 'மெகாஃபோர்ஸ்'னு சொந்தமா ஒரு லேபிளே ஆரம்பிச்சு ஆல்பத்தை வெளியிட்டாங்க.

அடுத்த வருஷமே பேண்டை எலெக்ட்ரா கம்பெனி ஒப்பந்தம் பண்ணுச்சு. 1988-ல இதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டப்போ 'ஆம் ஐ ஈவில்', 'பிளிட்ஸ்க்ரீக்'னு ரெண்டு பாட்டு சேர்த்தாங்க. ரெண்டுமே பிரிட்டிஷ் பேண்டுகளோட பாட்டு. மெட்டாலிகா 1984-லயே பாடி வெளியிட்டது. மத்த பத்தும் அதே பழைய பத்துதான்.

எலெக்ட்ரா மேல எனக்குக் கோபம் இல்ல. பெரிய கம்பெனி இல்லாம இந்தச் சத்தம் நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்குமாங்கறது சந்தேகம்தான். ஆனா அவங்க ஏறினது ஓடிக்கிட்டிருந்த வண்டியில. நின்ன வண்டியைத் தள்ளிவிட்டது அந்தக் கடைக்காரங்க.

நம்ம காலேஜ்லயும் சொந்தமா பாட்டு போடுறவங்க இருக்காங்க. சினிமாப் பாட்டு வாசிச்சா கைதட்டுறோம். சொந்தப் பாட்டுன்னா கேன்டீனுக்குக் கிளம்பிடுறோம். அடுத்த கல்ச்சுரல்ஸ்ல ஒரு பாட்டு முடியற வரைக்குமாவது உக்காருங்க. தள்ளிவிட இன்னிக்கு அவங்களுக்கு நம்மள விட்டா ஆள் இல்ல.